செடி தன்னை எப்படி காப்பாத்திக்குது, பூச்சி அதை எப்படி ஜெயிக்குது: தோட்டம் வச்சிருக்கவங்களுக்கு முழு வழிகாட்டி

இலையில ஒரு ஓட்டை தெரிஞ்சா போதும், உடனே ஸ்ப்ரேயரை தூக்கறது நம்ம ஆளுங்களுக்கு பழகிப்போச்சு. கெமிக்கல் அடிக்கறவங்களும் அப்படித்தான், இயற்கை விவசாயம்னு சொல்லிட்டு வாரா வாரம் வேப்பெண்ணெய், இஞ்சி பூண்டு கரைசல்னு மாத்தி மாத்தி அடிக்கறவங்களும் அப்படித்தான். ஆனா நீங்க அந்த ஓட்டையை பாக்கறதுக்கு ரொம்ப நேரம் முன்னாடியே செடி தன் வேலையை ஆரம்பிச்சிருக்கும். அது என்ன வேலைன்னு தெரியாம நாம அடிக்கற மருந்து பல நேரம் செடியோட பக்கம் நிக்கற பூச்சியைத்தான் மொதல்ல கொல்லுது. அதனால மருந்து பேச்சை கடைசிக்கு தள்ளி வச்சிட்டு, செடி என்ன பண்ணுதுன்னு பாக்க எப்படி கத்துக்கறதுன்னு படிப்படியா எழுதறேன். மாடித்தோட்டமோ, வீட்டு கொல்லையோ, அரை ஏக்கர் காய்கறியோ, எல்லாத்துக்கும் இது ஆகும்.

படி 1: கடிச்சவன் யாருன்னு கண்டுபிடிங்க

பூச்சி பேரு தெரியணும்னு அவசியமே இல்ல, வாய் எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சா போதும். கடிச்சு மெல்லற வாயா, குத்தி உறிஞ்சற வாயா, இது ரெண்டுதான் முக்கியம்.

புழு, வண்டு, வெட்டுக்கிளி எல்லாம் கடிக்கற கோஷ்டி. இலை ஓரம் அரிச்சிருக்கும், நடுவுல ஓட்டை இருக்கும், கீழ் இலை மேல கருப்பா, பச்சையா உருண்டை உருண்டையா புழுக்கை கிடக்கும். புழுக்கை ஈரமா இருந்தா ஆள் பக்கத்துலயே இருக்கான்னு அர்த்தம், நேரா அதுக்கு மேல இருக்கற இலையை திருப்பிப் பாருங்க. பகல்ல கண்ணுல படலைன்னா ராத்திரி எட்டு மணிக்கு மேல டார்ச் அடிச்சு பாருங்க, பாதி பேர் அப்பதான் வெளிய வருவாங்க.

அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, தத்துப்பூச்சி இதெல்லாம் உறிஞ்சற கோஷ்டி. இளநியில ஸ்ட்ரா போட்ட மாதிரி நேரா சாறு ஓடற குழாய்ல ஊசியை இறக்கிட்டு உக்காந்துக்கும். இலை சுருளும், வெளுக்கும், கீழ் இலையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும், கொஞ்ச நாள்ல அந்த பிசுக்கு மேல கரி பூசின மாதிரி பூஞ்சை படரும். இலைப்பேனும் செஞ்சிலந்தியும் கொஞ்சம் வேற விதம், அதுங்க இலையோட மேல் தோலை சுரண்டியும் குத்தியும் சாப்பிடும், அதனால இலை பூரா வெள்ளையா புள்ளி விழும். இது தவிர தண்டுக்குள்ள போறது, இலைக்கு நடுவுல சுரங்கம் போடறதுன்னு ஒரு குரூப் இருக்கு. தக்காளி இலையில வெள்ளையா கிறுக்கின கோடு தெரிஞ்சா அதுதான்.

இதை ஏன் மொதல்ல பாக்கணும்னா, செடியே இப்படி பிரிச்சுதான் பாக்குது. கடிச்சு மெல்றவனுக்கு ஜாஸ்மோனிக் அமிலம்னு ஒரு ஹார்மோன் வழியா ஒரு விதமான பதிலடி, நோய்க்கிருமிக்கும் சில உறிஞ்சற பூச்சிக்கும் சாலிசிலிக் அமிலம் வழியா வேற பதிலடி. இது ரெண்டும் பல செடியில ஒண்ணை ஒண்ணு அமுக்கும், ரெண்டையும் ஒரே நேரத்துல முழு வேகத்துல ஓட்ட முடியாது. வெள்ளை ஈ இதை நல்லா பயன்படுத்திக்குது, அது ஊசி போட்டவுடனே செடி சாலிசிலிக் பக்கம் சாஞ்சுரும், வெள்ளை ஈயை உண்மையில தொந்தரவு பண்ணக்கூடிய ஜாஸ்மோனிக் பக்கம் அமுங்கிப்போயிரும்.

படி 2: தொட்டுப் பாருங்க, கசக்கிப் பாருங்க, மோந்து பாருங்க

செடி ஆயுதத்துல பாதி எந்நேரமும் ரெடியா இருக்கறது, கடி விழணும்னு காத்திருக்காது. தக்காளி செடியில கொஞ்ச நேரம் கிளை கட்டி பக்கக்கிளை ஒடிச்சிட்டு கையைப் பாருங்க, விரல் நுனியெல்லாம் பச்சையும் கருப்புமா பிசுக்கு ஏறியிருக்கும், சோப்பு போட்டா நுரை மஞ்சளா வரும். அது அழுக்கு இல்ல. தண்டு பூரா இருக்கற முடியில சில முடியோட நுனியில சின்ன சுரப்பி இருக்கு, தொட்டா உடைஞ்சு பசையைக் கொட்டும். சின்ன அசுவினி, வெள்ளை ஈ எல்லாம் அதுல கால் மாட்டி செத்துப்போகும். மாட்டறதுல நல்லவனும் உண்டுங்கறதுதான் இதுல சோகம், புழு முட்டையை அழிக்க வர்ற பொடிக் குளவியும் தக்காளி முடிக்காட்டுல நடக்க திணறும்.

பீன்ஸ் இலை முடி இன்னும் சுவாரஸ்யம், நுனி கொக்கி போல வளைஞ்சிருக்கும். பல்கேரியா, செர்பியா பக்கம் அந்தக் காலத்துல ராத்திரி கட்டிலைச் சுத்தி பீன்ஸ் இலையை பரப்பி வச்சு, மூட்டைப்பூச்சி கால்ல கொக்கி குத்தி நிக்கறப்ப காலையில இலையோட அள்ளி எரிச்சிருவாங்க.

கருணைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு ஏன் நாக்கை அரிக்குது? கால்சியம் ஆக்ஸலேட் ஊசி, கண்ணுக்குத் தெரியாத அளவு, கட்டு கட்டா செல்லுக்குள்ள இருக்கு. நம்ம வீட்டுல புளித்தண்ணி விட்டு வேக வைக்கறது இந்த ஊசித் தொல்லையை அடக்கத்தான். நெல்லு, கரும்பு, புல்லு இதுங்க எல்லாம் மண்ணுல இருக்கற சிலிக்காவை இழுத்து இலையில படிய வச்சுக்கும், கரும்புத் தோகை கையை அறுக்கறதும் அதனாலதான், புழுவோட தாடை தேயறதும் அதனாலதான்.

அடுத்தது கெமிக்கல். நாம அறுசுவைன்னு சொல்றோமே, அதுல கசப்பு, துவர்ப்பு, காரம் மூணும் பெரும்பாலும் செடி தன்னைக் காப்பாத்திக்க செஞ்சு வச்ச சரக்குதான். வாழைப்பூ துவர்ப்பும் மாவடு துவர்ப்பும் டானின், அது புரதத்தோட ஒட்டிக்கிட்டு பூச்சிக்கு செரிக்க விடாம பண்ணும். மிளகாய் காரம் நமக்கும் எலிக்கும் எரியும், பறவைக்கு எரியாது, விதையை மென்னு நாசம் பண்றது எலி, முழுசா முழுங்கி வேற இடத்துல போடறது பறவை, மிளகாய் யாரை வேணாம்னு சொல்லுது பாருங்க. காபி கொட்டையில கசக்கற காஃபீனும் பூச்சிக்கு ஆகாததுதான், ஆனா காபிப்பூ தேன்ல அதே காஃபீன் ரொம்ப கொஞ்சமா இருக்கு, தேனீக்கு அந்தப் பூ வாசனையை ஞாபகம் வச்சுக்க அது உதவுதுன்னு 2013ல வந்த ஆராய்ச்சி சொல்லுது.

இதுல கில்லாடி கடுகு. ஒரு சின்ன டெஸ்ட் வீட்டுலயே பண்ணலாம். முழு கடுகை வாயில போட்டா பெருசா ஒண்ணும் தெரியாது. அதையே பொடி பண்ணி பச்சைத்தண்ணி ஒரு ஸ்பூன் விட்டு குழைச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு மோந்து பாருங்க, மூக்குல ஏறும். கொதிக்கற தண்ணி விட்டு செஞ்சா அந்த நெடி வராது. காரணம், குளுக்கோசினோலேட்னு ஒரு பொருளையும் அதை உடைக்கற மைரோசினேஸ் என்சைமையும் கடுகு தனித்தனி அறையில பூட்டி வச்சிருக்கு. நசுங்கினா ரெண்டும் கலந்து நெடியடிக்கற விஷம் உருவாகுது, சுடுதண்ணி விட்டா என்சைம் செத்துருது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி எல்லாம் இதே குடும்பம், இதே டெக்னிக். வெங்காயம் வெட்டினா கண்ணு எரியறதும் வேற பொருளை வச்சு இதே முறைதான்.

மரவள்ளியும் இப்படித்தான், ஆனா கலந்தா வர்றது சயனைடு. சேலம், நாமக்கல் பக்கம் ஆடு வளர்க்கறவங்களுக்கு நான் சொல்லித் தெரியணும்னு இல்ல, பச்சை மரவள்ளி இலையை மேஞ்ச ஆடு கொஞ்ச நேரத்துல வாயில நுரை தள்ளி விழுந்துரும். இளஞ்சோளப் பயிர்லயும் இதே விஷம் உண்டு, அதுவும் மழை இல்லாம வாடி நிக்கற பயிர்ல அதிகம். பூ எடுக்காத சோளத்துல மாட்டை விடாதேன்னு பெரியவங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி.

படி 3: ஒரு எருக்கஞ்செடி பக்கத்துல போய் நில்லுங்க

இதுக்கு காசு செலவில்ல, ரோட்டோரம் எங்க பாத்தாலும் எருக்கு இருக்கு. ஒரே ஒரு எச்சரிக்கை, இலையை கிள்ளாதீங்க, பால் கண்ணுல பட்டா கருவிழி வீங்கி பார்வை மங்கிரும், குழந்தைங்களை கூட்டிட்டுப் போனா கையை கட்டிக்கிட்டு நிக்க சொல்லுங்க.

எருக்கம்பால் செடிக்குள்ள அழுத்தத்துல இருக்கு, எங்க கடிச்சாலும் பீச்சிட்டு வந்து காத்து பட்டவுடனே பசையா இறுகும். குட்டிப் புழு கடிச்சா வாயே ஒட்டிக்கும். போதாக்குறைக்கு அந்தப் பால்ல இதயத்தை நிறுத்தற கார்டினோலைடு விஷம். செல்லுக்குள்ள சோடியம், பொட்டாசியத்தை உள்ள வெளிய தள்ளற பம்ப்பை அது போய் அடைச்சிரும். ஆடு கூட எருக்கை பெரும்பாலும் தொடாது, ஊருக்குள்ள மேய்ச்சல் இல்லாத காலத்துல கூட எருக்கு மட்டும் பச்சையா நிக்கறதுக்கு காரணம் இதுதான்.

இப்ப இலைக்கு அடியில குனிஞ்சு பாருங்க. வெள்ளை, கருப்பு பட்டை போட்டு மஞ்சள் புள்ளி வச்சு, முதுகுல மூணு ஜோடி கருப்பு கொம்போட ஒரு புழு இருக்கும், அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியோட புழு. அது சாப்பிடற விதத்தை பொறுமையா பாருங்க, எடுத்தவுடனே இலையை கடிக்காது. மொதல்ல நடு நரம்பையோ காம்பையோ கடிச்சு ஒரு வெட்டு போடும், அங்க பால் வடியும், வாயைத் துடைச்சுக்கும், திரும்ப கடிக்கும். வடிஞ்சு முடிஞ்சு அந்த வெட்டுக்கு அப்பால் இருக்கற பாகத்துக்கு பால் வர்றது நின்னுருச்சுன்னா, அப்புறம் அந்த பாகத்தை மட்டும் ஓரத்துல இருந்து நிதானமா சாப்பிடும். இலை பாதி ஒடிஞ்சு தொங்கிட்டு இருந்தா பெரும்பாலும் இந்த வேலைதான். நரம்பை வெட்டற இந்த தந்திரத்தை டுஸ்ஸார்ட், ஐஸ்னர்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிங்க 1987ல விளக்கமா எழுதினாங்க, எருக்கு மாதிரி பால் வடியற பல செடியில வெவ்வேற பூச்சி தனித்தனியா இதையே கண்டுபிடிச்சிருக்கு.

பால் பிரச்சனை தீந்துச்சு, விஷம்? வெந்தய வரியன் சொந்தக்காரங்க உடம்புல அந்த சோடியம் பம்ப்போட வடிவமே கொஞ்சம் மாறியிருக்கு, கார்டினோலைடு அதுல சரியா போய் ஒட்டாது. அமெரிக்காவுல இருக்கற மோனார்க் பட்டாம்பூச்சியில இதை மரபணு வரைக்கும் போய் பாத்துட்டாங்க. தாங்கறதோட நிக்காம மோனார்க் அந்த விஷத்தை உடம்புல சேத்து வச்சுக்குது, சாப்பிட்ட பறவை வாந்தி எடுத்துட்டு அடுத்த தடவை அந்த கலரை பாத்தாலே விலகிப்போகும். அந்த கலருக்கு மரியாதை இருக்குங்கறதால எந்த விஷமும் இல்லாத வேற ஒரு பட்டாம்பூச்சியோட பொண்ணு அச்சு அசலா வெந்தய வரியன் வேஷம் போட்டுக்கிட்டு சுத்துது. செடி தன்னைக் காப்பாத்திக்க செஞ்ச விஷம் கடைசியில யாரை யாரையெல்லாம் காப்பாத்துது பாருங்க.

அதே எருக்குல மஞ்சளா அசுவினி கூட்டமா அப்பியிருக்கும், மஞ்சளும் நீலமும் பட்டை போட்ட எருக்கு வெட்டுக்கிளி உக்காந்திருக்கும், அதை பிடிச்சா நாத்தமடிக்கற திரவத்தை பீச்சும். இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் இவ்வளவு பேர் சாப்பிடறாங்களேன்னு தோணும். ஆனா எண்ணிப் பாத்தா ஒரு சில வகைதான், அத்தனையும் எருக்கு குடும்பத்துக்குன்னே பழகின ஆளுங்க. பக்கத்து தோட்டத்துல எதை வேணா தின்னு தீக்கற பச்சைக் காய்ப்புழு இங்க வர்றதில்ல. செடியோட பாதுகாப்புன்னா இதுதான் அர்த்தம், எல்லாரையும் தடுக்க முடியாது, பெரும்பாலானவங்களை தடுத்துட்டு மிச்சம் இருக்கற நாலு பேரோட காலம் பூரா மல்லுக்கட்டணும்.

படி 4: கடிச்சப்புறம் உள்ள என்ன ஓடுதுன்னு புரிஞ்சுக்கோங்க

இது கண்ணுல தெரியாது, ஆனா நீங்க எப்ப தலையிடணும்னு முடிவு பண்ண இது தெரிஞ்சே ஆகணும்.

1972ல கிரீன், ரயன்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல தக்காளி, உருளைச் செடியில உருளை வண்டை விட்டு கடிக்க வச்சு பாத்தாங்க. கடி பட்ட இலையில மட்டும் இல்ல, கடி படாத மத்த இலையிலயும் ஒரு புரதம் ஏறியிருந்துச்சு. பூச்சி வயித்துல புரதத்தை செரிக்க வைக்கற என்சைமை அது முடக்கும். புழு சாகாது, சாப்பிடும், ஆனா உடம்புல ஒட்டாது, வளர்ச்சி இழுத்துக்கிட்டே போகும். அவ்வளவு நாள் வெளிய கிடந்தா எவனாவது ஒரு குளவி, ஒரு பறவை தூக்கிட்டுப் போகும்.

சேதி எப்படி ஒரு இலையில இருந்து இன்னொரு இலைக்கு போகுது? தக்காளியில சிஸ்டமின்னு 18 அமினோ அமிலம் கொண்ட ஒரு துணுக்கை 1991ல ரயன் குழு கண்டுபிடிச்சாங்க, அது ஜாஸ்மோனிக் அமிலத்தை கிளப்பி விடுது. இந்த ஜாஸ்மோனிக் சொந்தம் நமக்கு புதுசில்ல, அதோட மீதைல் வடிவம் மொதல்ல பிரிச்செடுக்கப்பட்டது பிச்சிப்பூ எண்ணெயில இருந்து, பூ வாசனையில அதுவும் ஒரு பங்கு. அப்புறம் 2018ல விஸ்கான்சின்ல டொயோட்டா, கில்ராய் குழு ஒரு வீடியோ வெளியிட்டாங்க, கால்சியம் ஏறினா ஒளிர்ற மாதிரி மாத்தின செடியில புழு ஒரு இலையை கடிச்சு துண்டாக்கினவுடனே வெளிச்சம் அலையா கிளம்பி ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தூர இலைக்கு போய் சேருது. பாக்காதவங்க தேடிப் பாருங்க, அப்புறம் செடியை பாக்கற பார்வையே மாறிரும்.

மிசௌரி பல்கலைக்கழகத்துல 2014ல இன்னொண்ணு பண்ணாங்க. புழு மெல்லற அதிர்வை மட்டும் பதிவு பண்ணி இலைக்கு கொடுத்தாங்க, புழு இல்லாமலே. அந்த அதிர்வு வாங்கின செடி அப்புறம் நிஜப் புழு வந்தப்ப கடுகு நெடி சரக்கை அதிகமா செஞ்சுச்சு, காத்து அதிர்வுக்கோ வேற பூச்சி சத்தத்துக்கோ அப்படி பண்ணலை. இதை வச்சுக்கிட்டு செடிக்கு வலிக்குது, செடி அழுவுதுன்னு ஷார்ட்ஸ் போடறவங்களைப் பத்தி என்ன சொல்றது. செடிக்கு நரம்பும் இல்ல மூளையும் இல்ல, ஆனாலும் எதிரியை பிரிச்சு அறிஞ்சு பதில் குடுக்குது, அதுவே போதுமான அதிசயம், சோகக்கதை சேக்கணும்னு அவசியமில்ல.

இதுல உங்களுக்கு வேண்டிய பாயிண்ட் ரெண்டு. ஒண்ணு, இந்த புரதமெல்லாம் ஏற மணிக்கணக்கு ஆகும், சிலது ஒண்ணு ரெண்டு நாள். காலையில ஓட்டையை பாத்து சாயங்காலமே மருந்து அடிச்சா செடி ஜெயிச்சிருக்குமா தோத்திருக்குமான்னு உங்களுக்கு தெரியவே தெரியாது. ரெண்டு, இந்த வேலைக்கெல்லாம் செலவு உண்டு, பாதுகாப்புக்கு போற சத்து வளர்ச்சிக்கு போகாது. அதனாலதான் தேவைப்படறப்ப மட்டும் செய்யுது.

படி 5: செடி கூப்பிட்டு வந்த ஆளுங்களை அடையாளம் தெரிஞ்சுக்கோங்க

புல் வெட்டினா ஒரு பச்சை வாசனை வரும்ல, காயம் பட்ட இலை உடனே விடற வாசனை அது. ஆனா புழு கடிச்சா வர்ற வாசனை கத்திரிக்கோல் வெட்டினா வர்ற வாசனை இல்ல, புழுவோட எச்சில் பட்டா கலவை மாறுது. 1990ல டர்லிங்ஸ், டம்லின்சன் குழு மக்காச்சோளத்துல இதை காட்டினாங்க, எச்சில் பட்ட செடி விடற வாசனையை பிடிச்சுக்கிட்டு ஒட்டுண்ணிக் குளவி புழுவைத் தேடி வருது, வந்து புழு உடம்புக்குள்ள முட்டை வைக்குது.

அமெரிக்காவோட யூட்டா பாலைவனத்துல இயான் பால்ட்வின் குழு காட்டுப் புகையிலையை வருஷக்கணக்கா பாத்தாங்க, எனக்கு இந்தக் கதைதான் எல்லாத்துலயும் பிடிச்சது. புகையிலைன்னா நிக்கோட்டின், கடி பட்டா வேர்ல இன்னும் நிறைய செஞ்சு இலைக்கு ஏத்தும். ஆனா புகையிலை கொம்புப்புழுவுக்கு நிக்கோட்டின் ஒண்ணும் பண்ணாது. எச்சிலை வச்சு வந்திருக்கறது அவன்தான்னு செடி தெரிஞ்சுக்கிட்டு, வீணா நிக்கோட்டினை ஏத்தறதை குறைச்சிட்டு வாசனையை விடுது, புழுவோட முட்டையையும் குட்டிப் புழுவையும் உறிஞ்சி சாப்பிடற ஒரு சின்ன நாவாய்ப்பூச்சி அந்த வாசனையில வந்து சேருது. இந்த வாசனையால புழு எண்ணிக்கை 90 சதவீதத்துக்கு மேல குறையலாம்னு 2001ல கணக்கு போட்டாங்க. இதோட நிக்கலை. கொம்புப்புழுவோட அம்மாவா இருக்கற அந்துப்பூச்சிதான் ராத்திரி இந்தப் பூவுக்கு மகரந்தச் சேர்க்கையும் பண்ணுது, தேன் குடிச்சுட்டு போறப்ப முட்டையும் வச்சிட்டு போயிரும். புழுத்தொல்லை அதிகமானா செடி சாயங்காலம் விரியற பூவுக்கு பதிலா காலையில விரியற பூவை பூக்க ஆரம்பிக்குது, அந்துப்பூச்சிக்கு பதிலா தேன்சிட்டு போல இருக்கற ஹம்மிங்பேர்ட் வருது, அது முட்டை வைக்காதே!

நம்ம ஊருக்கு வாங்க. ஆமணக்கு இலையில காம்பு இலையோட சேர்ற இடத்தை உத்துப் பாருங்க, சின்னதா ரெண்டு மேடு இருக்கும், இளம் இலையில அது மேல பளபளன்னு ஒரு துளி நிக்கும், விரல்ல தொட்டு ருசி பாக்க வேணாம், ஆமணக்கு செடி, ஆனா ஒட்டறது தெரியும். அது தேன். பூவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, எறும்புக்கு குடுக்கற கூலி. எறும்பு அங்கயும் இங்கயும் ரோந்து சுத்தறப்ப கண்ணுல படற முட்டை, குட்டிப்புழுவை தூக்கிட்டு போகும். பருத்தி, தட்டைப்பயறு, பூவரசு, முருங்கை, பீர்க்கன் எல்லாத்துலயும் இந்த மாதிரி பூவில்லாத தேன் சுரப்பி உண்டு. மெக்சிகோவுல மாட்டுக்கொம்பு வடிவ முள்ளு இருக்கற வேல மரம் ஒரு படி மேல போய் முள்ளுக்குள்ள வீடும் குடுத்து இலை நுனியில சாப்பாடும் குடுக்குது, எறும்பை எடுத்துட்டா மரம் தேறாதுன்னு ஜான்சென்னு ஒரு விஞ்ஞானி 1966ல காட்டினார். கென்யாவுல இன்னொரு வேல மரத்தைச் சுத்தி வேலி போட்டு யானை, ஒட்டகச்சிவிங்கி எதுவும் வராம பத்து வருஷம் வச்சு பாத்தாங்க. மேய்ச்சல் இல்லைன்னவுடனே மரம் எறும்புக்கு குடுக்கற தேனை குறைச்சுருச்சு, நல்ல எறும்பு போய் வேற எறும்பு வந்துச்சு, தண்டு துளைக்கற வண்டு பெருகுச்சு, கடைசியில மேய்ச்சல் இருந்த மரத்தை விட இது மோசமா வளர்ந்துச்சு. 2008ல வந்த இந்த முடிவு நிறைய பேரை யோசிக்க வச்சுச்சு.

ஒரு குழப்பம் வரும், அதை இங்கயே தீத்துக்கோங்க. எறும்பு இலைக்காம்பு மேட்டுல நின்னா செடியோட ஆள். எறும்பு அசுவினி, மாவுப்பூச்சி கூட்டத்துக்கு நடுவுல நின்னா அது பூச்சியோட ஆள், அந்த பிசுக்குக்காக பொறிவண்டை விரட்டி விட்டு பூச்சியை காவல் காக்குது.

படி 6: செடி எங்க தோக்கும்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க

பழைய எதிரியை சமாளிக்கற செடி புது எதிரிகிட்ட விழுந்துரும். பப்பாளிப் பால்ல பப்பாயின்னு புரதத்தை கரைக்கற என்சைம் இருக்கு, கடிக்கற புழுவுக்கு அது விஷம். ஆனா 2008ல கோயம்புத்தூர் பக்கம் வந்து இறங்கின பப்பாளி மாவுப்பூச்சி கடிக்கறதில்ல, உறிஞ்சுது, பால் குழாயை தொடாமலே வேலையை முடிச்சிருச்சு. மெக்சிகோ பக்கத்து பூச்சி, கூடவே வரவேண்டிய அதோட எதிரி வரலை. பப்பாளியோட மல்பெரி, மரவள்ளி, பருத்தின்னு பரவி வெள்ளை வெள்ளையா அப்பி, எந்த மருந்தும் அந்த மாவைத் தாண்டி போகலை. 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து பொடிக் குளவியை கொண்டு வந்து பெங்களூருல பெருக்கி, இங்க வேளாண் பல்கலைக்கழகம் வழியா விட்டாங்க, கொஞ்ச காலத்துல பூச்சி அடங்கிருச்சு. மரவள்ளிக்கு வேற ஒரு மாவுப்பூச்சி 2020ல வந்தப்பவும் இதே ரூட்டுதான், 2022ல சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர்ல குளவியை விட்டாங்க. செடியால முடியாததை ஒரு கொசு சைஸ் குளவி பண்ணுச்சு. மருந்து அடிச்ச தோட்டத்துல அந்தக் குளவியும் செத்துச்சுங்கறதையும் சேத்து சொல்லணும்.

மக்காச்சோளம் தன் விஷத்தை வச்சு பல புழுவை தடுக்கும், ஆனா 2018ல இந்தியாவுக்கு வந்த படைப்புழு அந்த விஷத்தோட சர்க்கரையை ஒட்டி செயலிழக்க வச்சுட்டு குருத்துல உக்காந்து தின்னுது. வெள்ளை ஈ இன்னும் மோசம், செடி தன் விஷத்தை தானே முடக்கி வைக்கப் பயன்படுத்தற ஒரு மரபணுவை செடிகிட்ட இருந்தே எப்பவோ எடுத்து தன் உடம்புல வச்சிருக்குன்னு 2021ல சீன விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சாங்க.

வேப்பமரத்துக்கே பூச்சி வருமான்னு கேக்கறவங்களுக்கு, வரும். 1959ல சூடான்ல வெட்டுக்கிளி கூட்டம் சுத்தி இருந்த பச்சையை மொட்டையடிச்சும் வேம்பை மட்டும் விட்டதை ஷ்முட்டரர்னு ஒரு ஜெர்மன்காரர் பாத்துதான் உலகம் வேம்பு பக்கம் திரும்புச்சு. அப்பேர்ப்பட்ட மரம் தமிழ்நாட்டுல கொஞ்ச வருஷமா நுனி கருகி நிக்குது, தேயிலைக் கொசுன்னு சொல்ற ஒரு உறிஞ்சி இளந்தளிரை குத்தறதும் ஒரு பூஞ்சையும் சேந்து பண்ற வேலை. மழைக்கப்புறம் பெரும்பாலான மரம் துளிர்த்துக்கும், வெட்டிப் போட்றாதீங்க.

படி 7: இப்ப நீங்க செய்ய வேண்டியது

மொதல் வேலை, யூரியாவை குறைங்க. தழைச்சத்து கூடினா இலை மெத்துன்னு கரும்பச்சையா, சாறுல அமினோ அமிலம் நிறைஞ்சு நிக்கும், அசுவினிக்கும் நெல்லுல புகையான்னு சொல்ற தத்துப்பூச்சிக்கும் அதுதான் விருந்து. மாடித்தோட்டக்காரங்க அளவில்லாம கோழி எரு போடறதும் இதே கணக்குதான். செடி வேகமா வளருதுன்னு சந்தோஷப்படற நேரத்துல அது பாதுகாப்பை தளர்த்தியிருக்கும்.

அடுத்தது, பூச்சியை கொல்றதுக்கு முன்னாடி அது ஏற்கனவே செத்ததான்னு பாருங்க. அசுவினி கூட்டத்துல சிலது மட்டும் உப்பி, பழுப்பா, உருண்டையா, அசையாம இருந்தா உள்ள குளவிக் குஞ்சு இருக்கு, முதுகுல வட்டமா ஓட்டை இருந்தா குளவி வெளிய போயாச்சு. புழு மேல வெள்ளை அரிசி போல கூடு ஒட்டியிருந்தா அந்தப் புழுவை அப்படியே விட்றுங்க. இதெல்லாம் கண்ணுல பட்டா மருந்து அடிக்காம நாலஞ்சு நாள் பொறுங்க, அதிகமா என்ன போகும், நாலு இலை போகும், நல்லா வேர் பிடிச்ச தக்காளியும் கத்தரியும் அதை தாங்கும்.

கூப்பிட்டா வர்றதுக்கு ஆள் அக்கம்பக்கத்துல இருக்கணும். கொத்தமல்லி, சோம்பு ரெண்டு செடியாவது பூக்க விடுங்க, பொடிக் குளவிக்கு வாய் சின்னது, அந்த மாதிரி திறந்த பூவுலதான் தேன் எடுக்க முடியும். வரப்புல தட்டைப்பயறு, உளுந்து போடுங்க. முட்டைக்கோஸ் போடறவங்க 25 வரிசைக்கு ரெண்டு வரிசை கடுகு போடலாம், ஒரு வரிசையை கோஸ் நடறதுக்கு 15 நாள் முன்னாடியும் இன்னொண்ணை நட்டு 25 நாள் கழிச்சும் விதைச்சா வைரமுதுகுப் பூச்சி கடுகுக்கு போகும். கடுகு நெடி மத்தவனை விரட்டும், இவனுக்கோ அதுதான் அட்ரஸ். தக்காளிக்கு 16 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி, காய்ப்புழு அந்துப்பூச்சி மஞ்சப்பூவுல போய் முட்டை வைக்கும். பூச்சியை இழுக்கற இந்த பொறிப்பயிரை போட்டுட்டு பாக்காம விட்டா அதுவே பூச்சி பண்ணையாயிரும், அந்த வரிசையை மட்டும் கவனிச்சு மருந்து அடிக்கணும்.

கறிவேப்பிலை, எலுமிச்சையில பறவை எச்சம் போட்ட மாதிரி ஒரு புழு உக்காந்திருந்தா அது எலுமிச்சை அழகியோ கறிவேப்பிலை அழகியோ, ரெண்டும் பட்டாம்பூச்சி. தொட்டா தலைக்கு பின்னாடி சிவப்பா, ஆரஞ்சா ரெண்டு கொம்பை நீட்டி நாத்தம் விடும், பயப்பட ஒண்ணும் இல்ல. அம்மா பட்டாம்பூச்சி முன்னங்காலால இலையைத் தட்டி ருசி பாத்து, இந்தக் குடும்பத்துச் செடிதான்னு உறுதியான அப்புறம்தான் முட்டை வைக்குது. பெரிய மரம்னா விட்றுங்க. தொட்டியில ஒரு முழம் செடிதான் இருக்குன்னா கையால எடுத்து பெரிய மரத்துல விட்டுட்டு வாங்க.

அப்படியும் மருந்து வேணும்னா வேப்பங்கொட்டை கரைசல். பூச்சியை தடுக்கற அசாடிராக்டின்ங்கற சரக்கு இலையில கம்மி, கொட்டைப் பருப்புலதான் அதிகம், அதனால வேப்பிலையை கொதிக்க வச்சு ஊத்தறதுல பெருசா பிரயோஜனம் இல்ல. நிழல்ல காஞ்ச கொட்டையா இருக்கணும், மூணு மாசத்துக்கு மேல, பத்து மாசத்துக்குள்ள. பருப்பை 50 கிராம் இடிச்சு துணியில கட்டி ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி பூரா ஊற வச்சு, காலையில பிழிஞ்சா பால் போல வரும், வடிகட்டி கொஞ்சம் சோப்புக் கரைசல் சேத்து அன்னைக்கே அடிச்சிருங்க. ஏக்கர் கணக்குக்கு 100 லிட்டருக்கு 5 கிலோ. சாயங்காலம் வெயில் தாழ்ந்து அடிங்க, அசாடிராக்டின் வெயில்ல சீக்கிரம் கெட்டுப்போகும். அடிச்ச மறுநாள் புழு செத்து விழலையேன்னு திரும்ப அடிக்காதீங்க, அது புழுவுக்கு சாப்பாட்டை வெறுக்க வைக்கும், தோலுரிக்க விடாம பண்ணும், பலன் தெரிய சில நாள் ஆகும்.

பொறுமையா இருங்கன்னு இவ்வளவு சொன்னதுக்கு நாலு விதிவிலக்கு உண்டு. நாத்து ரெண்டு இலையில இருக்கறப்ப புழு வந்தா உடனே பொறுக்குங்க, அதுக்கு பதிலடி குடுக்க சத்தே இல்ல. கத்தரியில நுனித்தண்டு மட்டும் வாடி தொங்கினா உள்ள துளைப்பான் இருக்கு, வாடினதுக்கு ஒரு சாண் கீழ வெட்டி எரிச்சிருங்க, ஸ்ப்ரே உள்ள போகாது. மக்காச்சோளக் குருத்துல ஈரமா மரத்தூள் போல புழுக்கை இருந்தா படைப்புழு, காத்திருக்காதீங்க. வெண்டையில நரம்பு மஞ்சளாகி வலை போல தெரிஞ்சா அது வெள்ளை ஈ கொண்டு வந்த வைரஸ், அந்த செடியை காப்பாத்த வழி கிடையாது, அடுத்த செடிக்கு ஏறறதுக்குள்ள வேரோட பிடுங்கி எடுத்துட்டு, மிச்ச செடிக்கு நடுவுல மஞ்சள் ஒட்டுப்பொறி ரெண்டு கட்டி விடுங்க.